சென்னை மாகாணப் பெயர் தாங்கிய குண்டுவீச்சுப் படையணிகள்: வரலாற்று நூல்களும் நினைவுக்குறிப்புகளும் – வடசென்னையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய அரச விமானப்படையின் 35ஆம், 99ஆம் குண்டுவீச்சுப் படையணிகள் ‘சென்னை மாகாணம்’ என்னும் பெயரைத் தாங்கி இயங்கின. அவை பற்றிய வரலாற்று நூல்களும் அவற்றில் பணியாற்றியோரின் நினைவுக்குறிப்புகளும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ் ஆய்வுலகில் அவை பேசப்படவில்லை. மறுபுறம், 1914இல் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கிய எம்டன் கப்பல் அதிகாரிகளின் நினைவுக்குறிப்புகளில் வடசென்னைக் கடற்கரை ஓர் இலக்காகப் பதிவாகியுள்ளது. பெயர் தந்த ஊர், இலக்கான ஊர் என்னும் இரு நிலைகளிலும் நின்ற சென்னையை மையமாகக் கொண்டு இவ்விரு வகை நூல்களையும் இணைத்து நோக்குவதும், அவற்றின் ஆதாரங்கள், பார்வைக் கோணம், விடுபடல்கள் ஆகியவற்றை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: படையணி வரலாறு, நினைவுக்குறிப்பு, 35ஆம் படையணி, 99ஆம் படையணி, எம்டன், சென்னைத் துறைமுகம், போர் நிதி, இராயபுரம்.

முன்னுரை

போர் இலக்கியம் தமிழுக்குப் புதிதன்று. புறத்திணை மரபு போரை அதன் தொடக்கம் முதல் முடிவு வரை துறை வகுத்துப் பேசுகிறது. ஆயினும் அம்மரபில் கொல்பவனும் கொல்லப்படுபவனும் ஒரே களத்தில் எதிரெதிரே நிற்பர். இருபதாம் நூற்றாண்டின் வான்போர் இந்த அண்மையை நீக்கிவிட்டது. பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து குண்டு வீசுபவர் தாம் அழிக்கும் ஊரின் மனிதர்களைக் காண்பதில்லை. இத்தகைய போரை அதில் ஈடுபட்டோர் எவ்வாறு எழுத்தில் பதிந்தனர் என்பது தனித்து ஆராயத்தக்கதாகும்.

ஸ்குவாட்ரன் என ஆங்கிலத்தில் வழங்கும் விமானப்படை அலகு இக்கட்டுரையில் ‘படையணி’ எனச் சுட்டப்படுகிறது. படையணி ஒவ்வொன்றுக்கும் எண், சின்னம், குறிக்கோள் தொடர் ஆகியன உண்டு. சிலவற்றுக்கு எண்ணை அடுத்து ஓர் ஊரின் அல்லது நாட்டின் பெயரும் உண்டு. அத்தகைய பெயர்களுள் ஒன்று சென்னை மாகாணம். அப்பெயர் எவ்வழியில் வந்தது, அது தாங்கிய படையணிகள் செய்தவை யாவை, அவற்றைப் பற்றிய நூல்கள் எதைச் சொல்லி எதை விடுகின்றன என்னும் வினாக்களுக்கு இக்கட்டுரை விடை தேடுகிறது. சென்னையின் துறைமுகமும் அதை ஒட்டிய இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளும் இவ்வினாக்களுக்குக் களமாக அமைகின்றன.

படையணி வரலாறு என்னும் நூல்வகை

படையணி வரலாறுகளுக்கு முதன்மை ஆதாரம் இயக்கப் பதிவேடு ஆகும். ஒவ்வொரு படையணியும் தன் அன்றாட நிகழ்வுகளின் சுருக்கத்தை 540ஆம் எண் படிவத்திலும், பறந்த விமானங்கள், குழுவினர் பெயர்கள், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், தாக்குதலின் விவரம் ஆகியவற்றை 541ஆம் எண் படிவத்திலும் பதிந்து வந்தது. இப்பதிவேடுகள் இலண்டன் கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் விமானத்துறைப் பிரிவின் 27ஆம் தொகுதியாகப் பேணப்படுகின்றன. திரும்பி வராத விமானத்திற்கு எதிரே ஒரு சிறு குறிப்பு மட்டுமே இருக்கும். அக்குறிப்புக்குப் பின்னுள்ள செய்திகளைத் திரட்டுவதே படையணி வரலாற்று ஆசிரியரின் பெரும்பணியாகிறது.

இரண்டாவது ஆதாரம் வானோடிகளின் தனிப்பட்ட பறத்தல் குறிப்பேடு. மூன்றாவது ஆதாரம் கடிதங்கள், நேர்காணல்கள், நினைவுக்குறிப்புகள். 1970களுக்குப் பின் இந்நூல்வகை விரைந்து வளர்ந்தது. போரில் இருந்தவர்கள் ஓய்வு பெற்று நினைவுகளைச் சொல்லத் தொடங்கியதும், மூடிக் கிடந்த ஆவணங்கள் ஆய்வாளர் பார்வைக்குத் திறக்கப்பட்டதும் இவ்வளர்ச்சிக்குக் காரணங்களாகும். மார்ட்டின் மிடில்புரூக் நியூரம்பெர்க், ஹாம்பர்க் தாக்குதல்களைப் பற்றி எழுதிய நூல்கள் இருதரப்புச் சாட்சியங்களையும் பயன்படுத்தும் முறைக்கு முன்மாதிரியாயின. தாக்கியவர்களோடு தாக்கப்பட்டவர்களையும் அவர் நேர்கண்டார். தனிப் படையணி வரலாறுகளோ பெரும்பாலும் தம் படையணியின் எல்லைக்குள்ளேயே நிற்பவை. அவை நினைவேந்தலையும் வரலாற்றையும் ஒருங்கே செய்ய முயல்கின்றன. இறந்தோர் பெயர்ப்பட்டியல் அவற்றின் இன்றியமையாப் பகுதியாகும். பிரித்தானியக் குண்டுவீச்சுத் தலைமையகத்தின் கீழ்ப் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் உயிரிழந்தனர் என்னும் உண்மையை நோக்க, இந்நூல்வகையின் நினைவேந்தல் தன்மை வியப்புக்குரியதன்று.

பெயர் வந்த வழி

படையணிக்கு இந்தியப் பெயர் சூட்டும் வழக்கம் முதல் உலகப்போரிலேயே தோன்றியது. 1918இல் ஐதராபாத் நிஜாம் அளித்த விமானங்களைக் கொண்டு இயங்கிய 110ஆம் படையணி ஐதராபாத் பெயரைப் பெற்றது. இரண்டாம் உலகப்போரில் இவ்வழக்கம் விரிந்தது. 1940 மே மாதம் பிரித்தானிய விமான உற்பத்தி அமைச்சரான பீவர்புரூக் பிரபுவின் காலத்தில், ஒரு ஸ்பிட்ஃபயர் விமானத்தின் விலை 5,000 பவுன் எனப் பெயரளவில் நிறுவப்பட்டு மக்களிடம் நிதி திரட்டப்பட்டது. ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ் என்னும் அந்நாளைய மாற்று விகிதப்படி இத்தொகை ஏறத்தாழ 66,700 ரூபாய் ஆகும். விமானத்தின் உண்மையான உற்பத்திச் செலவு இதனினும் மிகுதி. எனினும் கொடுப்பவர் தாம் ஒரு முழு விமானத்தைக் கொடுத்ததாக உணர இவ்வேற்பாடு உதவியது. பெருந்தொகை அளித்த நாடுகளின் பெயர்கள் விமானங்களுக்கு மட்டுமின்றிப் படையணிகளுக்கும் சூட்டப்பட்டன.

சென்னை மாகாணத்தின் பெயர் 35, 79, 99, 234, 264 ஆகிய எண்களுடைய படையணிகளோடு இணைந்தது. இவற்றுள் 35உம் 99உம் குண்டுவீச்சுப் படையணிகள். ஏனையவை போர்விமானப் படையணிகள். தமிழர் மிகுதியாக வாழ்ந்த பிற காலனி நாடுகளின் பெயர்களும் இவ்வாறே குண்டுவீச்சுப் படையணிகளுக்கு இடப்பட்டன. 102ஆம் படையணி இலங்கையின் பெயரையும், 97ஆம் படையணி நீரிணைக் குடியேற்றங்களின் பெயரையும், 214ஆம் படையணி கூட்டு மலாய் நாடுகளின் பெயரையும் தாங்கின. தோட்டத் தொழிலாளராகவும் வணிகராகவும் துறைமுகக் கூலிகளாகவும் தமிழர் சென்று சேர்ந்த நாடுகள் சில ஜெர்மனியின் இரவு வானில் பெயரளவில் பறந்தன எனலாம்.

இப்பெயர்சூட்டலின் அரசியல் பின்புலம் கருதத்தக்கது. இந்தியாவின் ஒப்புதலின்றி இந்தியா போரில் இணைக்கப்பட்டதை எதிர்த்து, 1939 அக்டோபர் இறுதியில் இராஜாஜி தலைமையிலான காங்கிரசு அமைச்சரவை பதவி விலகியது. 1946 வரை சென்னை மாகாணம் ஆளுநரின் நேரடி ஆட்சியில் இருந்தது. 1940 மார்ச்சில் ஆளுநராகப் பொறுப்பேற்ற ஆர்தர் ஹோப் காலத்தில்தான் மாகாணத்தின் போர் முயற்சிகள் முழுவீச்சில் நடந்தன. அதே 1940 அக்டோபரில் காந்தியடிகள் தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். போருக்கு ஆளாலும் பணத்தாலும் உதவுதல் தவறு என அறிவித்துச் சிறை செல்வதே அச்சத்தியாக்கிரகத்தின் முறை. டிசம்பரில் இராஜாஜியும் கைதானார். ஆகவே ‘சென்னை மாகாணம்’ என்னும் பெயரில் நிதி சென்ற காலமும், அந்நிதியைக் கொடாதீர் எனச் சொன்னவர்கள் அம்மாகாணத்துச் சிறைகளில் இருந்த காலமும் ஒன்றே. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு இல்லாத மாகாணத்தின் பெயரால் வழங்கப்பட்ட கொடை அது. அப்பெயரை மாகாண மக்கள் அனைவரின் விருப்பமாகப் படிப்பதற்கு இப்பின்புலம் இடந்தரவில்லை.

35ஆம் படையணி: நூல்களில் விளங்கும் வரலாறு

35ஆம் படையணி 1916 பிப்ரவரி முதல் நாள் இங்கிலாந்தின் தெட்ஃபோர்டில் தோன்றியது. இருமுறை கலைக்கப்பட்டு, 1940 நவம்பரில் மீண்டும் உருவானபோது நான்கு எஞ்சின்களையுடைய ஹாலிஃபாக்ஸ் விமானத்தைப் பெற்ற முதற்படையணி என்னும் சிறப்பை எய்தியது. 1941 மார்ச் 10ஆம் நாள் இரவு பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்தைத் தாக்கியதே ஹாலிஃபாக்ஸ் விமானத்தின் முதற்போர்ச் செயற்பாடாகும். ஒருமனப்பட்டுச் செயலாற்றுவோம் என்னும் பொருளுடைய இலத்தீன் தொடர் இப்படையணியின் குறிக்கோளாகும். ஆலன் கூப்பர் எழுதிய இப்படையணியின் வரலாற்று நூல் இக்குறிக்கோளின் ஆங்கில வடிவத்தையே தலைப்பாகக் கொண்டுள்ளது.

1942 ஆகஸ்டில் பாத்ஃபைண்டர் எனப்பட்ட வழிகாட்டிப் படை தோற்றுவிக்கப்பட்டபோது அதன் தொடக்கப் படையணிகளுள் 35ஆம் படையணியும் இடம்பெற்றது. கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள கிரேவ்லி அதன் தளமாயிற்று. பெரும் விமானக் கூட்டத்திற்கு முன்னே சென்று, வண்ண ஒளிக்குண்டுகளால் இலக்கை அடையாளமிட்டுக் காட்டுவது வழிகாட்டிப் படையின் பணி. அப்படையின் தலைவராக இருந்த ஆஸ்திரேலியர் டொனால்டு பென்னட் 1958இல் வெளியிட்ட தன்வரலாறு இப்படையின் உருவாக்கத்தை உள்ளிருந்து விளக்கும் நூலாகும்.

வழிகாட்டிப் படையின் தொழில்நுட்பத்தைப் புரிந்துகொள்வது துறைமுக நகரங்களின் நிலையைப் புரிந்துகொள்ளவும் உதவும். நிலத்தைப் படம் காட்டும் எச்2எஸ் ரேடார் கருவி 1943 சனவரி 30ஆம் நாள் இரவு முதன்முறையாகப் போரில் பயன்படுத்தப்பட்டது. 7ஆம், 35ஆம் படையணிகள் அக்கருவியைக் கொண்டு ஹாம்பர்க் நகரைக் குறியிட்டன. நீர்ப்பரப்பு ரேடார் அலைகளைத் திருப்பி அனுப்புவதில்லை. அது திரையில் இருளாகத் தோன்றும். கட்டடங்கள் நிறைந்த நிலம் ஒளியாகத் தோன்றும். எனவே கடலும் ஆறும் நிலத்தைச் சந்திக்கும் துறைமுக நகரங்கள் திரையில் மிகத் தெளிவாகப் புலப்பட்டன. நகரை வளர்த்த நீர்க்கரையே அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாயிற்று.

இப்படையணி பற்றிய நூல்களில் தனிமனித நிகழ்வுகள் பல இடம்பெறுகின்றன. 1942 நவம்பரில் டூரின் தாக்குதலிலிருந்து திரும்புகையில் படையணித் தலைவர் ராபின்சனின் விமானத்தில் தீப்பற்றியது. குழுவினர் அனைவரையும் குதிக்கச் சொன்னபின் தீ தானே தணிந்தது. அவர் தனியொருவராக விமானத்தை ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பெர்லின் தாக்குதலில் அவர் உயிரிழந்தார். இதைப் போன்றே அறியப்பட்ட மற்றொரு நிகழ்வு 1942 ஏப்ரல் 27ஆம் நாள் இரவு நடந்தது. நார்வேயில் நின்ற டிர்ப்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கிய இப்படையணியின் ஹாலிஃபாக்ஸ் ஒன்று உறைந்த ஹோக்லிங்கன் ஏரியின்மீது இறங்கியது. கணுக்கால் முறிந்த பொறியாளர் சிறைப்பட, ஏனையோர் சுவீடனை அடைந்தனர். பனி உருகி ஏரியில் மூழ்கிய அவ்விமானம் 1973இல் மீட்கப்பட்டது. இன்று அது இலண்டன் ஹெண்டனிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில், ஏரியிலிருந்து எடுத்த நிலையிலேயே வைக்கப்பட்டுள்ளது. சென்னை மாகாணப் பெயருடைய படையணியின் எஞ்சிய பொருட்சான்றாக அவ்விமானத்தைக் கருதலாம்.

போருக்குப் பின்னும் இப்பெயர் நீடித்தது. 35ஆம் படையணி பின்னாளில் அணுகுண்டு வீசும் திறனுடைய வல்கன் விமானங்களை இயக்கி, 1982இல் கலைக்கப்பட்டது. சென்னை மாகாணம் 1950இல் மாநிலமாகி, 1969இல் தமிழ்நாடு எனப் பெயர் மாறிய பின்னரும், மறைந்த மாகாணத்தின் பெயரோடு தொடர்புடைய ஓர் அணுவாயுதப் படையணி ஐரோப்பாவில் இயங்கி வந்தது என்பது இதனால் பெறப்படும்.

செஷயரின் நினைவுக்குறிப்பு

35ஆம் படையணியோடு தொடர்புடைய நினைவுக்குறிப்புகளுள் மிகவும் அறியப்பட்டது லியோனார்டு செஷயர் எழுதி 1943இல் வெளிவந்த ‘பாம்பர் பைலட்’ என்னும் நூலாகும். செஷயர் 1940இல் 102ஆம் படையணியில் சேர்ந்து, 1941இல் 35ஆம் படையணிக்கு மாறினார். இலங்கைப் பெயரும் சென்னைப் பெயரும் தாங்கிய இரு படையணிகளின் அனுபவங்களும் ஒரே நூலில் இணைவது இதனாலேயே.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதப்பட்ட நூல் என்பது இதன் முதன்மைத் தன்மை. நூலாசிரியருக்குப் போரின் முடிவு தெரியாது. தாமும் உயிர் பிழைப்போமா என்பது தெரியாது. போர்க்காலத் தணிக்கையின் எல்லைகளும் அவருக்கு உண்டு. பிற்கால நினைவுக்குறிப்புகளில் காணப்படும் அறவினாக்கள் இத்தகைய நூலில் பின்னுக்குச் செல்கின்றன. கற்றுக்கொள்ளுதல், தோழமை, அச்சத்தை அடக்கல் ஆகியன முன்னுக்கு வருகின்றன. நியூசிலாந்தைச் சேர்ந்த மூத்த வானோடி லாங்கிடம் செஷயர் தொழில் கற்ற பகுதியும், 1940 நவம்பரில் விமானத்தினுள்ளே ஒளிக்குண்டு வெடித்தும் விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்த நிகழ்வும் இதற்குச் சான்றுகளாகும்.

செஷயரின் பிற்கால வாழ்வு இந்நூலை வேறொரு வெளிச்சத்தில் படிக்க வைக்கிறது. 1945 ஆகஸ்ட் 9ஆம் நாள் நாகசாகி அணுகுண்டு வீச்சைப் பிரித்தானியப் பார்வையாளராக வானிலிருந்து கண்டவர் அவர். 1948 முதல் நோயுற்றோருக்கும் உடற்குறையுடையோருக்கும் இல்லங்களை நிறுவினார். 1950களில் அவ்வியக்கம் இந்தியாவுக்கு வந்தது. சென்னையிலும் செஷயர் இல்லம் அமைந்தது. சென்னையில் செஷயர் என்னும் பெயர் குண்டுவீச்சாளராகவன்றிக் காப்பகத்தின் பெயராகவே அறிமுகமானது. ஒரே மனிதரின் இரு வாழ்வுகளுள் ஒன்று மட்டுமே இங்கு வந்து சேர்ந்தது எனலாம்.

99ஆம் படையணியும் கிழக்குப் போர்முனையும்

99ஆம் படையணி 1917இல் தோன்றியது. முதல் உலகப்போரில் அதன் தலைவராயிருந்த பாட்டின்சன் 1920இல் வெளியிட்ட வரலாறு, படையணி வரலாறு என்னும் நூல்வகையின் தொடக்கக்கால நூல்களுள் ஒன்றாகும். இரண்டாம் உலகப்போரில் வெலிங்டன் விமானங்களோடு களமிறங்கிய இப்படையணி, 1939 டிசம்பர் 14ஆம் நாள் பகலில் ஜெர்மன் கடற்கரைக்கு 12 விமானங்களை அனுப்பி அவற்றில் பாதியை இழந்தது. பகல் தாக்குதலைக் கைவிட்டு இரவுத் தாக்குதலுக்கு மாறும் முடிவுக்கு இத்தகைய இழப்புகள் வழிவகுத்தன.

1942இல் இப்படையணி இந்தியாவுக்கு மாற்றப்பட்டது. வங்காளத் தளங்களிலிருந்து பர்மாவிலுள்ள ஜப்பானியப் படைகளைத் தாக்கியது. 1944இல் லிபரேட்டர் விமானங்களைப் பெற்றது. பர்மா, சயாம் இருப்புப்பாதைகளும் பாலங்களும் கிழக்குப் போர்முனை லிபரேட்டர் படையணிகளின் நெடுந்தொலைவுத் தாக்குதல்களுக்கு இலக்காயின. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் உயிரைக் கொடுத்து அமைத்தது சயாம்–பர்மா இருப்புப்பாதை. வானிலிருந்து அது எதிரியின் வழங்கல் வழி; தரையிலிருந்து அது தமிழ்த் தொழிலாளரின் இடுகாடு. மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலை இப்படையணிகளின் வரலாறுகளோடு சேர்த்துப் படிக்கையில்தான் இவ்விரு பார்வைகளும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்பது புலனாகிறது.

1945இல் 99ஆம் படையணி இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளுக்குச் சென்றது. முப்பத்தோராண்டுகளுக்கு முன் சென்னையைத் தாக்கிய எம்டன் கப்பல் அழிந்ததும் அத்தீவுக் கூட்டத்திலேயே ஆகும்.

இலக்காகிய வடசென்னை: எம்டன் நினைவுக்குறிப்புகள்

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கிச் சுட்டது. ஏறத்தாழ அரைமணி நேரத்தில் 125க்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். இந்நிகழ்வைக் குறிக்கும் கல்வெட்டு உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் உள்ளது. 1914 நவம்பர் 9ஆம் நாள் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியின் தாக்குதலில் எம்டன் அழிந்தது.

எம்டனின் முதல்நிலை அதிகாரி ஹெல்முத் ஃபான் மியூக்கே 1915இல் ‘எம்டன்’, ‘அயேஷா’ என்னும் இரு நூல்களை வெளியிட்டார். கப்பலின் டார்ப்பிடோ அதிகாரிகளுள் ஒருவரான ஹோஹன்சொல்லர்ன் இளவரசர் ஃபிரான்ஸ் யோசெஃபின் நினைவுக்குறிப்பு 1920களில் வெளிவந்தது. கப்பல் தளபதி கார்ல் ஃபான் முல்லர் நூல் எழுதவில்லை. சென்னைத் தாக்குதல் ஆங்கிலேயரின் மதிப்பைக் குலைக்கவும் வணிகத்தைத் தடுக்கவும் செய்யப்பட்ட காட்சிநிகழ்வு என்பதே ஜெர்மன் தரப்பு விளக்கம்.

இந்நினைவுக்குறிப்புகளில் சென்னை ஒரு விளக்கு வரிசை. ஓர் எண்ணெய்த் தொட்டிக் கூட்டம். அடிவானத்தில் நெடுநேரம் தெரிந்த தீ. தொட்டிகளுக்கு அப்பால் இராயபுரத்திலும் கருப்பர் நகரத்திலும் அவ்விரவைக் கழித்த மீனவரும் துறைமுகக் கூலிகளும் அப்பார்வைக்குள் வருவதில்லை. அம்மக்கள் அந்நிகழ்வைத் தம் மொழியில் வேறு வகையில் பதிந்துகொண்டனர். ‘எம்டன்’ என்பது தமிழில் கெட்டிக்காரனையும், அச்சந்தரும் கண்டிப்பானவனையும், எதற்கும் துணிந்தவனையும் குறிக்கும் சொல்லாயிற்று. நூலெழுதாதவர்களின் நினைவுக்குறிப்பு ஒரு சொல்லாகத் தங்கியது.

நினைவுக்குறிப்புகளைச் சான்றாகக் கொள்வதன் தேவைக்கும் இங்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. செண்பகராமன் எம்டன் கப்பலில் இருந்தார் என்னும் செய்தி தமிழில் பரவலாக எழுதப்படுகிறது. கப்பலில் இருந்த அதிகாரிகளின் நூல்கள் அதற்குச் சான்று தருவதில்லை. செண்பகராமனின் நாட்டுப்பற்றுக்கு இதனால் குறைவில்லை. மக்கள் நினைவும் எழுத்துச் சான்றும் வெவ்வேறு தேவைகளை நிறைவேற்றுபவை என்பதே இதனால் அறியப்படும்.

1942–43: மீண்டும் இலக்கு

1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பும், 6ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டன. சென்னையில் அச்சம் பரவியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் பெருந்திரளாக நகரை விட்டு வெளியேறினர். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று துறைமுகப் பகுதியில் குண்டு வீசியது. சைரன், ஏ.ஆர்.பி., இருட்டடிப்பு ஆகிய சொற்கள் அன்றாட வழக்கில் புகுந்த காலம் அது. இவற்றுள் ‘இருட்டடிப்பு’ விளக்குகளை மறைப்பதையும் செய்திகளை மறைப்பதையும் ஒருங்கே குறிப்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

இக்காலத்தைத் துறைமுகப் பகுதியின் கோணத்திலிருந்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். வெளியேற வண்டிச்சத்தமும் சென்றுசேர உறவினர் வீடும் உடையோர் வெளியேறினர். கடலையும் கப்பலையும் நம்பிய உழைப்பாளருக்கு வேலையும் இலக்கும் ஒரே இடத்தில் இருந்தன.

இரு வகை நூல்களின் ஒப்பீடு

1943 சூலை 27ஆம் நாள் இரவு ஹாம்பர்க்கில் எழுந்த தீப்புயல் ஹாமர்புரூக் பகுதியை முற்றாக அழித்தது. துறைமுகத்தை அடுத்து, தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. அந்த வாரத் தாக்குதல்களில் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வழிகாட்டிப் படையின் படையணிகள் அந்நகரைக் குறியிட்டன. அழிவை நகருக்கு வெளியிலிருந்து கண்ட எழுத்தாளர் ஹான்ஸ் எரிக் நொசாக் அதே ஆண்டில் எழுதிய குறிப்பு 1948இல் நூலாயிற்று. ஜெர்மன் இலக்கியம் இவ்வழிவைப் பற்றி ஏன் மிகக் குறைவாகவே பேசியது என்னும் வினாவை டபிள்யூ. ஜி. செபால்டு 1999இல் நூலாக்கினார்.

இராயபுரத்தையும் ஹாமர்புரூக்கையும் அழிவின் அளவால் ஒப்பிட இயலாது. ஆனால் நூல்களில் அவை அமையும் முறை ஒத்திருக்கிறது. எம்டன் அதிகாரிக்குச் சென்னை எப்படியோ அப்படியே வழிகாட்டிப் படையினருக்கு ஹாம்பர்க். இரண்டும் இரவில் கண்ட ஒளி; கரையோரத்து எண்ணெயும் கிடங்கும்; திரும்பிச் செல்கையில் பின்னே தெரியும் தீ. தாக்குபவரின் நினைவுக்குறிப்பு தன்னளவில் பொய் சொல்வதில்லை. அது தான் கண்டதையே சொல்கிறது. அது காணும் தொலைவே அதன் எல்லை.

இரண்டாவது எல்லை ஆதாரங்களால் அமைவது. இயக்கப் பதிவேடு விமானத்தளத்தில் பிறக்கிறது. பறத்தல் குறிப்பேடு வானோடியின் கையில் பிறக்கிறது. விமானத்திற்குப் பணம் வந்த வழி இவ்விரண்டிலும் இடம்பெறுவதில்லை. எனவே ‘சென்னை மாகாணம்’ என்பது படையணி வரலாறுகளில் பெரும்பாலும் எண்ணை அடுத்த அடைப்புக்குறிக்குள் நின்றுவிடுகிறது. இதை நூலாசிரியரின் புறக்கணிப்பு எனக் குறை கூறுவதைவிட, அந்நூல்வகையின் ஆதார எல்லை எனக் கொள்வதே பொருந்தும். அடைப்புக்குறிக்குள் உள்ளதை விரித்தெழுதும் கடமை சென்னையின் ஆவணங்களைப் படிக்க வல்லோரைச் சார்ந்தது. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் ஆளுநர் ஆட்சிக்கால அரசாணைகளும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பருவ இதழ்த் தொகுப்புகளும், அக்காலச் சுதேசமித்திரன், தினமணி இதழ்களும் இப்பணிக்கு அடிப்படை ஆதாரங்களாகும்.

முடிவுரை

சென்னை மாகாணப் பெயர் தாங்கிய குண்டுவீச்சுப் படையணிகள் இரண்டும் அப்பெயரை ஆளுநர் ஆட்சிக் காலத்தில், போருக்கு நிதி வழங்குவதை எதிர்த்தோர் சிறையிலிருந்த சூழலில் பெற்றன. அவை பற்றிய வரலாற்று நூல்கள் இறந்த வானோடிகளை நினைவுகூரும் பணியைச் செம்மையாகச் செய்கின்றன. பெயர் தந்த மாகாணமும் தாக்கப்பட்ட நகர்களின் மக்களும் அந்நூல்களின் ஆதார எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். எம்டன் அதிகாரிகளின் நூல்களிலும் வடசென்னை மக்கள் அவ்வாறே வெளியே நிற்கின்றனர். அவர்களது பதிவு ஒரு தமிழ்ச்சொல்லாக எஞ்சியது.

தம் ஊர் இலக்கானபோது அம்மக்களுக்கு நேர்ந்ததும், தம் மாகாணத்தின் பெயரால் பிற ஊர்கள் இலக்கானபோது அங்குள்ளோருக்கு நேர்ந்ததும் ஒரே வரலாற்றின் பகுதிகள். முதலாவதைத் தமிழ் நினைவில் வைத்துள்ளது. இரண்டாவதை இன்னும் அறியவில்லை. துறைமுகங்களும் எண்ணெய்க் கிடங்குகளும் மின்நிலையங்களும் இராயபுரம் முதல் மணலி, எண்ணூர் வரை முன்னினும் நெருக்கமாக மக்கள் வாழும் தெருக்களோடு கலந்து நிற்கும் இக்காலத்தில், ஒரு கரையோர நகர் வானிலிருந்தும் கடலிலிருந்தும் எவ்வாறு பார்க்கப்பட்டது என்பதை அறிவது வடசென்னை பற்றிய ஆய்வின் ஒரு பகுதியாக வேண்டும். அதற்குப் படையணி வரலாறுகளும் நினைவுக்குறிப்புகளும் தமிழில் படிக்கப்பட வேண்டும். அவற்றின் எதிர்ப்பக்கமாக இங்குள்ள ஆவணங்களும் வாய்மொழி நினைவுகளும் தொகுக்கப்பட வேண்டும்.